எட்டும் எட்டும் பதினாறு ஆகாத கம்பியூட்டர்



போன கிழமை நம்மூர் வட்ஸ்அப் குறூப் ஒன்றில் ஒரு வீடியோ சுற்றியது. கறுப்பு நிற டவர் ஒன்று, உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கிராபிக்ஸ் கார்ட், மொனிட்டரில் அப்பிள் சின்னம். கீழே யாரோ எழுதியிருந்தார்: "ஸேர் செஞ்சி குடுத்த மெக். ரெண்டு கார்ட், 16 ஜிபி. இனி புது மெக் வாங்கத் தேவல்ல." இஷா தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்தால் இன்பொக்ஸ் நிறைய மெசேஜ். "ஸேர், எனக்கும் ஒண்டு செஞ்சி தருவீங்களா?" "ஸேர், எவ்வளவு முடியும்?" ஒரு தம்பி கார்ட் இரண்டையும் வாங்கிவிட்டே எழுதியிருந்தார்.

அந்த ஸேர் நான்தான். பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவன் என்பதால் ஊரில் யாருடைய ரவுட்டர் நின்றாலும் எனக்குத்தான் கோல் வரும், அது பழகிவிட்டது. ஆனால் அந்த வீடியோவின் கீழே இருந்த வரியில் "ரெண்டு கார்ட்" என்பதைத் தவிர ஒன்றுமே சரியில்லை. அந்த இரண்டு கார்ட்டிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். கம்பியூட்டரை நடத்துகிற அடிப்படை சொஃப்ட்வெயரைப் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படிப்பிக்கிறோம். நம்மில் அநேகரிடம் இருப்பது விண்டோஸ். அப்பிள் கம்பனியின் கம்பியூட்டரில் ஓடுவது மெக்ஓஎஸ். அப்பிள் அதைத் தன்னுடைய மெஷினுக்கு மட்டுமே கொடுக்கிறது. 2006இல் அப்பிளும் இன்டெல் சிப்புக்கு மாறியபோது, உள்ளே இருக்கிற சாமான் ஏறக்குறைய நம் கடைகளில் கிடைக்கிற சாமானாகவே ஆகிவிட்டது. அப்படியென்றால் சாதாரண டவரிலும் மெக்ஓஎஸ்ஸை ஓட வைக்கலாமே என்று உலகம் முழுக்கப் பலர் முயன்றார்கள், ஓடவும் வைத்தார்கள். அதற்குப் பெயர் ஹக்கின்டோஷ். அந்த வீடியோவில் இருப்பது அதுதான். மெக் இல்லை.

டவரின் சொந்தக்காரத் தம்பி என்னிடம் ஓ.எல். படித்தவர். கட்டாரில் இரண்டு வருஷம் ஒரு வீடியோ எடிட்டிங் இடத்தில் வேலை செய்தார். அங்கே எல்லாம் மெக், எல்லாம் பைனல் கட் ப்ரோ. கைக்கு அதுதான் பழக்கம். ஊருக்கு வந்து கலியாண வீடியோ எடுக்கத் தொடங்கியபோது பைனல் கட் இல்லாமல் ஒரு கை கட்டிப் போட்ட மாதிரி இருந்திருக்கிறது, பைனல் கட் விண்டோஸில் ஓடாது. புது மெக்குக்குக் காசு இல்லை. அந்த நேரத்தில் பாவித்த சாமான் விற்கிற ஒருவர் இந்த டவரைக் காட்டியிருக்கிறார். எட்டாம் தலைமுறை ஐ7, இரண்டு ஆர்எக்ஸ் 580 கார்ட், ஒவ்வொன்றும் 8 ஜிபி. "ரெண்டும் சேத்து 16 ஜிபி கிராபிக்ஸ், மெக்கும் போடலாம்" என்று சொல்லி, மெக் போடுவதற்கென்று ஒரு பென் ட்ரைவும் கொடுத்திருக்கிறார். ராத்தாவின் மாப்பிள்ளை சவூதியிலிருந்து வீட்டு வேலைக்கு அனுப்பி வைத்திருந்த காசில் வாங்கியது. கூரை வேலை பிந்தியது இதனால்தான்.

றமழானில் தராவீஹ் முடிந்து வந்து என் வீட்டு முன் ஹோலில் இருந்து இந்த வேலையைச் செய்தோம். ஐந்தாறு இரவு போனது. ஸஹருக்கு எழும்பிய வீட்டுக்காரி எங்களைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

முதல் கார்ட் ஒரு பிரச்சினையும் தரவில்லை. ஆர்எக்ஸ் 580 கார்ட்டின் குடும்பத்தை அப்பிளே பாவித்திருக்கிறது. 2017இல் வந்த 27 அங்குல ஐமெக்கில் இருந்தது ரேடியன் ப்ரோ 580. அதே வருஷம் வெளியில் இருந்து பொருத்துகிற கிராபிக்ஸ் பெட்டியொன்றை மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு விற்றபோதும் உள்ளே வைத்தது ஆர்எக்ஸ் 580தான். ஆகவே ட்ரைவர் மெக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஓபன்கோர் என்ற பூட் சொஃப்ட்வெயரை ஒழுங்காக அமைத்து, லிலு, வட்எவர்க்ரீன் என்ற இரண்டு துணைக் கோப்புகளைப் போட்டதும் படம் தெளிவாக வந்தது. தம்பி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி எழும்பி நின்றார்.

இரண்டாவது கார்ட்டில் மொனிட்டரைக் குத்தினோம். மவுஸ் அம்பு நத்தை மாதிரி ஊர்ந்தது. ஜன்னலை இழுத்தால் துண்டு துண்டாக வந்தது. சிஸ்டம் தகவலில் போய்ப் பார்த்தால், 8 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 7 எம்பி என்று நிற்கிறது. இந்த 7 எம்பியைக் கண்டால் விளங்கிக்கொள்ள வேண்டும், கார்ட்டுக்கு ட்ரைவர் பிடிக்கவில்லை, வெறும் படம் காட்டுகிற பலகையாக மட்டும் நிற்கிறது என்று.

இரண்டும் ஒரே கார்ட் என்றால் ஒன்று ஓட, மற்றது ஏன் ஓடவில்லை? ஸ்லொட்டை மாற்றிப் பார்த்தோம், கேபிளை மாற்றிப் பார்த்தோம். பிறகுதான் விண்டோஸைப் போட்டு இரண்டு கார்ட்டின் அடையாள எண்ணையும் வாசித்தேன். ஒவ்வொரு கார்ட்டும் தான் யார் என்று சொல்ல ஒரு எண் வைத்திருக்கும், நம் அடையாள அட்டை மாதிரி. முதல் கார்ட் 67டிஎஃப். அது சரியான 580. இரண்டாவது 6எஃப்டிஎஃப். பெட்டியிலும் ஸ்டிக்கரிலும் 580 என்றுதான் இருக்கிறது, ஆனால் அது 2018இல் சீனச் சந்தைக்கு வந்த 2048எஸ்பி என்ற வகை. உண்மையான 580இல் கணக்குப் போடுகிற சின்னச் சின்ன அலகுகள் 2304 இருக்கும். இதில் 2048. அது 570 கார்ட்டின் எண்ணிக்கை. பெயர் 580, சாமான் 570. அந்தப் பெயரை வைத்தது விற்றவர் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கார்ட்டை வாங்கி விற்பதே தொழிலாக உள்ளவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

மெக்ஓஎஸ்ஸின் ட்ரைவருக்கு 6எஃப்டிஎஃப் என்ற எண் தெரியாது. ஆகவே ஓபன்கோரின் அமைப்புக் கோப்பில் அந்தக் கார்ட் இருக்கிற பாதையை எழுதி, "இவரும் 67டிஎஃப்தான்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பாதையில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஒன்றும் நடக்காது, ஏன் நடக்கவில்லை என்றும் சொல்லாது. மூன்றாம் இரவில் சரிவந்தது. இரண்டு கார்ட், இரண்டு மொனிட்டர், இரண்டிலும் 8 ஜிபி.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு கலியாண வீடியோவை எக்ஸ்போட் பண்ணப் போட்டார். கொஞ்ச நேரத்தில் டக் என்று மொத்த மெஷினும் அணைந்தது. இது மெக்ஓஎஸ்ஸின் குற்றம் இல்லை. ஒரு ஆர்எக்ஸ் 580 முழு மூச்சாக வேலை செய்யும்போது 185 வொட் அளவில் இழுக்கும். உடன்பிறப்பையும் சேர்த்தால் 350க்கு மேல். அதோடு ஐ7. உள்ளே இருந்ததோ பெயர் தெரியாத ஒரு பவர் சப்ளை, ஸ்டிக்கரில் 500 என்று எழுதியிருந்தது, எழுதியதை அது நம்பியிருக்காது. நல்லதொன்றை இரவல் வாங்கிப் பூட்டிய பிறகுதான் நின்றது. எக்ஸ்போட் ஓடும்போது அறையில் பேன் இல்லாமல் இருக்க முடியவில்லை. மாதம் முடிந்து வருகிற கரண்ட் பில்லை வாப்பாதான் கட்டுகிறார்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு நான் கேட்ட கேள்வி, நீங்களும் கேட்க வேண்டிய கேள்வி: இரண்டு கார்ட்டால் என்ன கிடைத்தது?

ஒரே வீடியோவை ஒரு கார்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை, இரண்டையும் பூட்டி ஒரு முறை எக்ஸ்போட் பண்ணிப் பார்த்தோம். சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. ஏன் என்பதில்தான் பாடம் இருக்கிறது. முதலாவது, 8 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்து 16 ஆவதில்லை. ஒவ்வொரு கார்ட்டும் தன் நினைவகத்தில் தனக்கு வேண்டியதைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரே ப்ரேமை இரண்டும் சேர்ந்து செய்தால் இரண்டிலும் அதன் பிரதி இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளிடம் ஒரே பாடப்புத்தகம் ஒவ்வொன்று இருந்தால் இரண்டு பாடம் ஆகிவிடாது. இரண்டாவது, விண்டோஸில் இரண்டு கார்ட்டை ஒன்றாகக் கட்டுகிற க்ராஸ்பயர், எஸ்எல்ஐ போன்ற வழிகள் இருந்தன. மெக்ஓஎஸ்ஸில் அவை இல்லை. அங்கே ஒவ்வொரு கார்ட்டும் தனி ஆள். வேலையைப் பிரித்துக்கொடுக்க வேண்டியது அந்த எடிட்டிங் சொஃப்ட்வெயர். நிறம் திருத்துவது, எஃபெக்ட் போடுவது போன்ற பாரமான வேலையென்றால் சிலது பிரித்துக்கொடுக்கும். நாம் செய்கிற கலியாண வீடியோவில் அநேக நேரம் போவது கடைசியில் வீடியோவைச் சுருக்கி எழுதுவதில். அதை ஒரு சிப்பில் இருக்கிற ஒரு பகுதிதான் செய்கிறது. பக்கத்துக் கார்ட் சும்மா இருந்து சூடாகும். அதுவும் போக, சாதாரண மதர்போட்டில் இரண்டாவது ஸ்லொட் நீளத்தில் முதலாவதைப் போலவே இருந்தாலும் உள்ளே வழி நான்குதான், பதினாறு இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அப்பிளே 2013இல் இரண்டு கிராபிக்ஸ் கார்ட் வைத்த மெக் ப்ரோவை வெளியிட்டது, பைனல் கட்டையும் அதற்கேற்றபடி திருத்தியது. 2017 ஏப்ரலில் அதே கம்பனியின் பெரியவர்கள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இரண்டு கார்ட் என்ற அந்த அமைப்பு தாங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பலருக்குப் பயன்படவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். செய்தவனே பின்வாங்கிய யோசனையை நாம் பாவித்த கார்ட்டில் செய்து பெருமைப்படுவதா?

பாவித்த கார்ட் என்றதும் இன்னொன்று. 2022 செப்டெம்பரில் ஈதீரியம் என்ற டிஜிட்டல் காசு, கார்ட் வைத்துத் தோண்டுகிற முறையை நிறுத்தியது. அதோடு உலகம் முழுக்க அந்த வேலையில் இரவு பகலாக ஓடிய கார்ட்கள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. 580 அதில் பெயர்போனது. சிலதின் உள்ளே இருக்கிற பயோஸையே தோண்டுகிற வேலைக்காக மாற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட கார்ட் விண்டோஸில் ஓடினாலும் மெக்ஓஎஸ்ஸில் கறுப்புத் திரை காட்டும். இன்பொக்ஸில் கார்ட் இரண்டையும் வாங்கிவிட்டு எழுதிய தம்பி இதைக் கவனியுங்கள்.

இனி, நான் உண்மையில் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த பென் ட்ரைவ்.

அதில் இருந்தது யாரோ தயாரித்து வைத்த மெக்ஓஎஸ். குத்தினால் எல்லாம் தானாகப் போட்டுக்கொள்ளும், ட்ரைவர் உட்பட. யார் தயாரித்தது? தெரியாது. உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்? தெரியாது. இப்படியான பொதிகள் பாதுகாப்புக் கதவுகளையும் திறந்துவிட்டே வருவதுண்டு, ஓட வைக்க அது இலகு என்பதற்காக. அந்த மெஷினில் என்ன இருக்கப் போகிறது? நம் வீட்டுக் கலியாணங்கள். பெண்கள் பக்கத்து ஹோலில், ஆண்களை உள்ளே விடாமல், பெண் கெமராக்காரரை வைத்து எடுத்த வீடியோக்கள். "வேற யாருக்கும் காட்ட மாட்டம்" என்று சொல்லி வாங்கி வந்த அமானிதம். அதைப் பெயர் ஊர் தெரியாத ஒருவர் செய்த பணிசெயல் முறைமைக்குள் வைத்து இன்டர்நெட்டையும் குத்திவிடுவதா? எடிட் பண்ணுகிற தம்பிமார் ஒழுக்கமானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மெஷினைப் பற்றித்தான் கதைக்கிறேன். அந்த பென் ட்ரைவை நான் குத்தவே விடவில்லை. ஓபன்கோரோடு வருகிற ஒரு சின்ன கருவி அப்பிளின் சொந்த சேர்வரில் இருந்தே நிறுவல் கோப்பை இறக்கித் தரும். ஒரு இரவு கூடச் செலவானது, அவ்வளவுதான். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளையின் கலியாண வீடியோவைக் கொடுக்கும்போது எந்த மெஷினில் எடிட் பண்ணுகிறீர்கள், யார் அதில் சொஃப்ட்வெயர் போட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது, சிலர் கமெண்டில் எப்படியும் கேட்பார்கள்: இது ஆகுமா, ஆகாதா? மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, மௌலவிமாரிடம் கேளுங்கள். அவர்கள் கேட்கக்கூடிய விவரத்தை மட்டும் தருகிறேன். மெக்ஓஎஸ்ஸைப் போடும்போது ஒரு ஒப்பந்தம் திரையில் வரும். அப்பிள் பெயர் போட்ட கம்பியூட்டரில் மட்டுமே போடுவேன் என்பது அதில் இருக்கிறது. நாம் வாசிக்காமல் "சம்மதம்" என்று அமத்துகிறோம். அமெரிக்காவில் சைஸ்டார் என்ற கம்பனி 2008இல் இப்படி மெக்ஓஎஸ் போட்ட கம்பியூட்டர்களை விற்கத் தொடங்கியது. அப்பிள் வழக்குப் போட்டது. 2009இல் தீர்ப்பு அப்பிளுக்குச் சார்பாக வந்தது, 2011இல் மேன்முறையீட்டிலும் அதுவே நின்றது. நானும் அந்த "சம்மதம்" பொத்தானை அமத்தியவன்தான். படிப்பதற்காக, ஒரு தம்பிக்கு உதவுவதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு முழுக்கச் சமாதானம் ஆகவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைச் செய்து காசு வாங்குவதென்றால் எனக்குள் கேள்வியே இல்லை. ஆகவே "எவ்வளவு முடியும் ஸேர்" என்று கேட்டவர்களுக்கு என் பதில், நான் செய்து தரமாட்டேன்.

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது, அது வயிற்றுப்பிழைப்போடு சம்பந்தப்பட்டது. அந்தத் தம்பிக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தேன்: புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று காட்டினால் அமத்தாதே. நாங்கள் போட்டது வென்ச்சுரா. ஒரு வியாழன் இரவு சொனோமா என்று காட்டியிருக்கிறது, அமத்திவிட்டார். அடுத்த நாள் ஜும்ஆவுக்குப் பிறகு வலீமாவில் பெரிய திரையில் காட்ட வேண்டிய வீடியோ உள்ளே. லிலு பழையது. பழைய லிலு தனக்குத் தெரியாத பதிப்பைக் கண்டால் ஒதுங்கிவிடும், அதை நம்பியிருக்கிற மற்றதெல்லாமும் ஒதுங்கும். மெஷின் எழும்பவே இல்லை. வீடியோ வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அது அப்பிளின் முறையில் போர்மட் பண்ணியது, விண்டோஸில் குத்தினால் திறக்காது. இரவு ஒரு மணிக்கு என் கதவைத் தட்டினார். அவர் முகத்தைப் பார்த்து ஏச வாய் வரவில்லை. புதிய கோப்புகளை இறக்கி, பென் ட்ரைவில் இருந்து பூட் பண்ணி, ஸுபஹ் பாங்கு சொல்லும்போதுதான் திரை வந்தது. நான் ஊரில் இல்லாத நாளாக இருந்திருந்தால்?

இந்தப் பாதையும் நீண்ட தூரம் போகாது. 2020 ஜூனில் அப்பிள் இன்டெல்லை விட்டுத் தன் சொந்த சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. 2025 ஜூனில், டஹோ என்ற பதிப்புத்தான் இன்டெல் மெக்குகளுக்குக் கடைசி என்று சொல்லிவிட்டது. இன்டெல் மெக் நின்றால் ஹக்கின்டோஷும் நின்றதுதான். என்விடியா கார்ட் வைத்திருப்பவர்களுக்கு அது எப்போதோ நின்றுவிட்டது, 1060 போன்ற கார்ட்டுக்கு 2017இல் வந்த ஹை சியாராவுக்குப் பிறகு ட்ரைவரே இல்லை. 2024இல் வந்த எம்4 சிப் போட்ட சின்ன மெக் மினி அமெரிக்காவில் 599 டொலரில் தொடங்கியது. இங்கே வந்து சேரும்போது வரியும் இலாபமும் ஏறும், அது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் இரண்டு கார்ட், பவர் சப்ளை, கரண்ட் பில், தூக்கம் இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை அதிகம் என்று சொல்லுங்கள்.

அதற்கும் காசு சேரும் வரை டாவின்சி ரிசொல்வ் விண்டோஸிலேயே ஓடும், இலவசப் பதிப்பு இருக்கிறது. கை பழக ஒரு மாதம் போகும். தம்பி இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. விற்றவரிடம் போய் அடையாள எண்ணைக் காட்டியதற்கு, இரண்டாவது கார்ட்டை எடுத்துக்கொண்டு பாதிக்கு மேல் காசு திருப்பித் தந்திருக்கிறார். முழுதாகத் தரவில்லை. அந்தக் காசு கூரைக்குப் போனது.

படிக்க விரும்புகிற பிள்ளைகளுக்கு மட்டும் வேறு பேச்சு. ஒரு கார்ட் தன்னை எப்படி அடையாளப்படுத்துகிறது, பூட் ஆகும்போது எது முதலில் வருகிறது, எது எதை நம்பியிருக்கிறது என்பதையெல்லாம் இந்த ஐந்தாறு இரவில் நான் படித்த அளவுக்கு எந்த செமினாரிலும் படிக்கவில்லை. லினக்ஸில் இதே பாடத்தை ஒப்பந்தப் பிரச்சினை ஒன்றுமே இல்லாமல் படிக்கலாம். ஏ.எல். பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்தால் சனிக்கிழமை பின்னேரம் என் வீட்டில் செய்வோம், இன்ஷா அல்லாஹ். காசு வேண்டாம், பழைய கார்ட் இருந்தால் கொண்டு வாருங்கள்.

பாவித்த கார்ட் வாங்கப் போகிறவர்கள் வாங்குவதற்கு முதல் ஜிபியு-இஸட் என்ற சின்ன சொஃப்ட்வெயரை ஓடவிட்டு அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அனுப்பினால் நல்லது. இரவு ஒரு மணிக்கு வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே பேச்சு.